ஆறுதல் பொய் அறமாகுமா?

இல்லறத்தில் நிகழும் கொடுமையைப் பற்றிப் பேசப் புகுவோர் இருவரை மட்டுமே கருதுவது வழக்கமாக இருக்கிறது. அடித்தவன் ஒருவன், அடிபட்டவள் ஒருத்தி. அவ்விருவருக்கும் அப்பால், அறையின் மூலையில், போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழித்திருக்கும் மூன்றாவது உயிர் ஒன்று உண்டு. அவ்வுயிர் நம் கணக்கில் வருவதில்லை.

பொழுது விடிகிறது. குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. முகம் வீங்கியிருக்கிறது. "என்னம்மா ஆயிற்று?" என்று கேட்கிறது. "ஒன்றுமில்லை, குளிக்குமிடத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்கிறாள் தாய். அருகிலிருக்கும் ஆயாவோ, "நீ ஏதோ கனாக் கண்டிருப்பாய், போய்ப் பல்லைத் துலக்கு" என்கிறாள். இவ்விருவரும் தீயவர் அல்லர். குழந்தையின்பால் கொண்ட அன்பினாலேயே இவ்வாறு சொல்கின்றனர். கேட்டவுடன் குழந்தையும் பேசாமல் எழுந்து போகிறது. அது தேறிவிட்டதென்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகின்றனர்.

இவ்வாறு சொல்லப்படும் ஆறுதல் பொய் அறமாகுமா? குழந்தையின் மனப்புண்ணை அது ஆற்றுமா? இவ்விரு வினாக்களும் உண்மையில் ஒரே வினாவே என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்கின்றேன்.

இது பொழுதுபோக்கிற்காக எழுப்பப்படும் வினா அன்று. பல ஆண்டுகள் தறியடியில் நின்று உழைத்தபின் தம்மம் பேசப் புறப்பட்டவன் நான். உரை முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் வேளையில், யாரேனும் ஒரு தாய் சற்றே ஒதுங்கி நின்று ஐயம் கேட்பதுண்டு. அது பெரும்பாலும் நிப்பாணத்தைப் பற்றிய ஐயமாக இருப்பதில்லை. "ஐயா, பையனுக்கு ஒன்பது வயதாகிறது, இன்னும் இரவில் பாயை நனைக்கிறான், என்ன செய்வது?" என்பதாகவோ, "பெண் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லையாம்" என்பதாகவோ இருக்கிறது. மேலும் இரண்டு சொல் பொறுமையுடன் கேட்டால், அவ்வீட்டின் இரவுகள் எப்படிப்பட்டவை என்பது வெளிப்பட்டுவிடும்.

பார்த்தவரும் பட்டவரே

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இது 38 விழுக்காடு. மகாராட்டிரத்தில் 25 விழுக்காடு. நம் முன்னோர் பிறந்த மண்ணும் நாம் பிழைக்க வந்த மண்ணும் ஆகிய இரண்டுமே இக்கணக்கில் நிற்கின்றன. உலகெங்கும் ஆண்டுதோறும் 13 கோடியே 30 இலட்சம் முதல் 27 கோடியே 50 இலட்சம் வரையிலான குழந்தைகள் தம் வீட்டில் இக்கொடுமையைக் காண்கின்றனர் என்று 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் ஆய்வு மதிப்பிட்டது.

புனே நகரில் நம்மவர் வாழ்வை எண்ணிப் பாருங்கள். 1869இல் தோன்றிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், படை முகாம்களும், இரயில்வேயும், பஞ்சாலைகளும் நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே அழைத்து வந்தன. வேலை கிடைத்தது, வீடு என்று கிடைத்தது பலருக்கும் ஓர் அறையே. அவ்வறையில் சமையலும் உறக்கமும் சண்டையும் ஒன்றாக நடந்தன. இன்றும் எத்தனையோ குடும்பங்கள் அவ்வாறே வாழ்கின்றன. அத்தகைய வீட்டில் குழந்தை அறியாமல் ஓர் அடியும் விழ இயலாது. கண்ணால் காணாவிடினும் காதால் கேட்கிறது. தட்டு எறியப்படும் ஓசையையும் தாயின் அடக்கிய அழுகையையும் கேட்கிறது. தந்தை தாழ்ப்பாளைத் திறக்கும் விதத்தைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணிக்கக் கற்றுக்கொள்கிறது. எழுத்தறியாத குழந்தைக்கும் இப்பாடம் தெரிந்திருக்கிறது.

அமெரிக்க நாட்டு மருத்துவர்களான வின்சென்ட் ஃபெலிட்டி, இராபர்ட் ஆண்டா ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுவயதில் பட்ட இன்னல்களுக்கும் முதிர்ந்த வயதில் வரும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வின்னல்களின் பட்டியலில், தாய் அடிபடுவதைக் காண்பதும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. இன்னல்களின் எண்ணிக்கை மிக மிக, மனச்சோர்வும், குடிப்பழக்கமும், தற்கொலை முயற்சியும், இதய நோயும் மிகுதியாகக் காணப்பட்டன. குழந்தையின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் குழு 2011இல், வீட்டு வன்முறையைக் குழந்தை காண நேர்வதையே மனவன்முறையின் வகைகளுள் ஒன்றாகக் குறித்தது. 2021இல் பிரித்தானிய நாட்டில் இயற்றப்பட்ட சட்டமோ, அத்தகைய கொடுமையைக் காணும், கேட்கும், அதன் விளைவை நுகரும் குழந்தையைச் சான்று சொல்பவராக அன்றி, பாதிக்கப்பட்டவராகவே ஏற்றுக்கொண்டது.

ஆகவே, "குழந்தையின்மேல் ஓர் அடியும் படவில்லையே" என்று ஆறுதல் கொள்ள நமக்கு இடமில்லை. பார்த்தவரும் பட்டவரே.

பொய்யினால் விளையும் தீங்குகள்

இனி, ஆறுதல் பொய்யின் பக்கம் நின்று பேசுவோரின் வாதத்தைக் கேட்போம். "குழந்தைக்கு என்ன தெரியும்? சொல்லாமல் விட்டால் மறந்துவிடும். மேலும், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையாகக் கொள்ளப்படும் என்று வள்ளுவரே வழி விட்டிருக்கிறாரே" என்பர்.

வள்ளுவர் வழி விட்டது உண்மை. ஆனால் அவ்வழியின் வாயிலில் ஒரு காவலையும் நிறுத்தியிருக்கிறார். விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அக்காவல். ஆகவே இப்பொய்யினால் விளைவது என்ன என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

முதலாவது, குழந்தை தன் கண்ணையும் காதையும் நம்ப அஞ்சுகிறது. அது கண்டது ஒன்று; அது மிகவும் நம்பும் மாந்தர் சொல்வது மற்றொன்று. தாயைப் பொய்யளாகக் கருத அதனால் இயலாது. எனவே தன் அறிவையே ஐயுறுகிறது. உள்ளதை உள்ளவாறு காண்பதை நற்காட்சி என்று எட்டு நெறிகளுள் முதலில் வைத்துப் போற்றுகிறவர்கள் நாம். அந்நற்காட்சியின் வேரில் நம் கையாலேயே வெந்நீர் ஊற்றலாமா?

இரண்டாவது, காரணம் சொல்லப்படாத துன்பத்திற்குக் குழந்தை தானே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்கிறது. அக்காரணம் பெரும்பாலும் தானே என்று எண்ணிக்கொள்கிறது. 'நான் பாலைக் கொட்டியதால் அப்பாவுக்குச் சினம் வந்தது', 'நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் அம்மா அடிபட்டிருக்க மாட்டாள்' என்று நெஞ்சுக்குள் கணக்குப் போடுகிறது. பெரியவர்கள் வாய் திறவாதவரை இக்கணக்கைத் திருத்துவார் எவருமில்லை.

மூன்றாவது, இதைப் பற்றிப் பேசலாகாது என்ற பாடத்தை அது கற்றுக்கொள்கிறது. பேசத் தகாதது என்று ஒன்றை அடைத்துவிட்டால், அது வேறு வாயில் தேடி வெளிவரும். சிலரிடம் அது பாயை நனைப்பதாகவும், சிலரிடம் வயிற்றுவலியாகவும், சிலரிடம் பள்ளியில் பிறபிள்ளைகளை அடிப்பதாகவும், சிலரிடம் கல்போல் உறைந்திருப்பதாகவும் வெளிவருகிறது.

நான்காவது, மறுக்கப்படாத கொடுமை வழக்கமாகிவிடுகிறது. யாரும் தவறென்று சொல்லாத ஒன்றைத் தவறென்று குழந்தை எவ்வாறு அறியும்? ஆண் இப்படித்தான் இருப்பான் என்று மகனும், பெண் இப்படித்தான் பொறுப்பாள் என்று மகளும் கற்றுக்கொள்ளும் பள்ளியாக அவ்வீடு ஆகிவிடுகிறது. தந்தை தாயை அடிக்கக் கண்டு வளர்ந்த பெண்கள் தாமும் கணவனிடம் அடிபடுவது, அவ்வாறு காணாதவரைவிட மிகுதி என்பதைக் குடும்பநல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆலையில் வேலை செய்தோர் இதை எளிதில் உணர்வர். தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சிட்டுப் பின்னரே ஓட்டுதல் வேண்டும். 'ஓர் இழைதானே' என்று மறைத்து ஓட்டினால், அந்நேரம் எதுவும் தெரியாது. துணியை விரித்துப் பார்க்கும்போதோ, அறுந்த இடத்திலிருந்து நெடுகிலும் ஒரு கோடு ஓடியிருக்கும். மறைத்ததனால் இழை கூடியதில்லை. பழுதின் நீளமே கூடியது.

மடியில் இருந்த குழந்தை

இவ்வினாவுக்குத் தம்மத்தில் விடை தேடுவோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகள் துணை நிற்கும்.

ஒன்று, இராகுலனுக்கு அம்பலட்டிகையில் அளித்த அறிவுரை. அப்போது இராகுலனுக்கு வயது ஏழு என்று உரையாசிரியர்கள் கூறுவர். கால் கழுவிய கலத்தில் எஞ்சியிருந்த சிறிதளவு நீரைக் காட்டி, பின் அதைக் கொட்டிக் காட்டி, பின் கலத்தையே கவிழ்த்துக் காட்டி, அறிந்தே பொய்யுரைப்பவனின் துறவு இவ்வளவே என்று பகவர் உணர்த்தினார். விளையாட்டிற்கேனும் பொய் கூடாது என்று ஏழு வயதுச் சிறுவனுக்குக் கற்பித்தவரின் வழியில் வந்த நாம், அதே வயதுச் சிறுவனிடம் பொய்யுரைத்து அதனை அன்பு என்று அழைப்பது பொருந்துமா?

மற்றொன்று, அபய இளவரசனோடு நிகழ்ந்த உரையாடல். பிறர் மனத்திற்கு இனிதல்லாத சொல்லைத் ததாகதர் சொல்வாரா என்று மடக்கக் கேட்க வந்தவன் அபயன். அவன் மடியில் ஒரு பச்சிளங்குழந்தை இருந்தது. அக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று பகவர் வினவினார். தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை வளைத்து, குருதி கசிந்தாலும் அதை வெளியே எடுப்பேன், அக்குழந்தையின்மேல் எனக்கு இரக்கம் உண்டு என்று அபயன் விடையிறுத்தான். அதைக் கொண்டே பகவர் சொல்லின் நெறியை விளக்கினார். சொல் உண்மையா, நன்மை தருவதா, கேட்போர்க்கு இனிதா என்பவற்றை வைத்து அவர் வகை பிரித்தார். உண்மையும் நன்மையும் உடைய சொல், கேட்க இனிதல்லாததாயினும், காலம் அறிந்து சொல்லத்தக்கது என்றார்.

அவ்வகைகளை எண்ணிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். பொய்யாயினும் நன்மை தருவது என்று ஒரு வகையை அவர் வகுக்கவே இல்லை. அதே வேளையில், உண்மை எனும் ஒரே காரணத்திற்காக எதையும் எப்போதும் கொட்டிவிடலாம் என்றும் அவர் சொல்லவில்லை. உண்மை, நன்மை, காலம் ஆகிய மூன்றும் கூடியிருத்தல் வேண்டும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட இம்மூன்று அளவைகளே, குழந்தையிடம் பேச நமக்கும் வேண்டுவன.

புனே நகரில் எழுந்த குரல்

மௌனத்தை உடைப்பதே மருந்தின் தொடக்கம் என்பதை நம் நகரமே முன்னர் உணர்ந்திருக்கிறது. 1982ஆம் ஆண்டில் மணமான இளம்பெண்களின் மரணங்கள் புனே மக்களை உலுக்கின. அவ்வாண்டில் வித்யா பாளும் அவர்தம் தோழியரும் இங்கே 'நாரி சமதா மஞ்ச்' என்னும் அமைப்பை நிறுவினர். துன்புறும் பெண்கள் வந்து பேசுவதற்கென அவர்கள் திறந்த மையத்திற்கு 'போல்த்தே வ்ஹா' என்று பெயரிட்டனர். வாய்திறந்து பேசுங்கள் என்பது அம்மராத்திச் சொற்களின் பொருள். பின்னாளில் ஆண்களோடு உரையாடுவதற்கும் அவ்வமைப்பினர் ஒரு மையம் கண்டனர். வித்யா பாள் 2020இல் மறைந்தார். அவர் வைத்த பெயர் இன்றும் ஒரு பாடமாக நிற்கிறது.

அதே 1982இல், 'ஸ்த்ரீ' என்னும் மராத்தி இதழில் ஒரு தன்வரலாறு தொடராக வெளிவந்தது. எழுதியவர் பல்டன் நகரில் வாழ்ந்த பேபி காம்ப்ளே. அண்ணல் அம்பேத்கரின் வழி நடந்தவர். 'ஜிண ஆமுச', அதாவது 'எங்கள் வாழ்வு' என்னும் அந்நூலில், மேல்சாதியார் இழைத்த கொடுமையை எழுதிய அதே கையால், நம் வீடுகளுக்குள் ஆண்கள் பெண்களுக்கு இழைத்த கொடுமையையும் அவர் எழுதினார். எழுதியதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீட்டாரின் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தார் என்பது எண்ணத்தக்கது. தமிழில் பாமா 1994இல் வெளியிட்ட 'சங்கதி'யும், சேரியில் பெண்கள் படும் பாட்டை ஒரு சிறுமி கண்டும் கேட்டும் வளரும் கதையே.

நம் சமூகத்தின் குறையை நாமே எழுதினால் எதிரிகள் நகைப்பார்களே என்று இவர்களிடம் சொன்னவர்களும் உண்டு. இன்றும் நம் தெருக்களில் அச்சொல் கேட்கிறது. தீண்டாமையை எதிர்த்து எழுந்த சமூகம், தன் வீட்டில் ஒருத்தி தீண்டப்பட்டு நொறுங்குவதை மறைத்து மானம் காக்க முடியாது. எந்தச் சமூகத்திலும் இக்கொடுமை உண்டு. அதை ஒப்புக்கொண்டு நீக்க முற்படும் சமூகமே உயரும்.

தந்தையை வெறுக்கச் செய்யாதா?

உண்மையைச் சொன்னால் குழந்தை தந்தையை வெறுத்துவிடும் என்பது வலுவான மறுப்பு. அதை எளிதில் ஒதுக்கலாகாது.

தந்தையை மதித்தல் மக்களின் கடமை என்பது உண்மையே. ஆனால் சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவர் உரைத்த இல்லற நெறியில், கடமை எப்பக்கமும் இரட்டையாகவே நிற்கிறது. மக்களுக்குக் கடமை சொன்ன இடத்திலேயே பெற்றோருக்கும் கடமை சொல்லப்பட்டது. தீமையினின்று பிள்ளையை விலக்குதல் அவற்றுள் முதலாவது. மனைவிக்குக் கணவன் ஆற்ற வேண்டியவற்றுள், அவளை மதித்தலும் இழிவுபடுத்தாமையும் முன்னிற்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குழந்தையின் வாயைக் கட்டுவது நெறியன்று.

மேலும், செயலைக் கண்டிப்பது வேறு. ஆளை வெறுப்பது வேறு. "அப்பா செய்தது தவறு" என்பதற்கும் "அப்பா கெட்டவன்" என்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. அடிக்கும் தந்தையை அஞ்சிக்கொண்டே நேசிக்கும் குழந்தைகள் பலர். தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவரும் அவரே. இரவில் கையை ஓங்கியவரும் அவரே. இவ்விரண்டையும் ஒருசேர நெஞ்சில் தாங்கக் குழந்தைக்குத் துணை வேண்டும். நேசிப்பதற்காக அதைக் கடிந்துகொள்வதும் தவறு. அஞ்சுவதற்காகக் கடிந்துகொள்வதும் தவறு. "மன்னித்துவிடு, போய் அப்பா காலைத் தொடு" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது அதனினும் தவறு. மன்னிப்பு பழுத்து விழ வேண்டிய கனி. தடியால் அடித்துப் பழுக்க வைத்தது கனியாகாது.

முதலில் பாதுகாப்பு

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். இரவுதோறும் புண்ணைக் கீறிக்கொண்டே பகலில் மருந்திட்டால் புண் ஆறாது. அடி நிற்க வேண்டும். அதுவே முதல் மருந்து.

2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதன்படி ஒரு பெண், தன்னை அணுகித் துன்புறுத்தலாகாது என்னும் ஆணையையும், வீடு தன் பெயரில் இல்லாவிடினும் அவ்வீட்டில் வாழும் உரிமைக்கான ஆணையையும், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆணையையும் மாஜிஸ்திரேட்டிடம் கோரலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் வழியே இலவச உதவி உண்டு. 1984இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் பம்பாய்க் காவல்துறையோடு சேர்ந்து தொடங்கிய, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப் பிரிவுகள், பின்னர் மகாராட்டிரத்தின் பிற மாவட்டங்களுக்கும் பரவின. உயிருக்கு ஊறு நேரும் வேளையில் 112, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் நாட்காட்டியின் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

குழந்தைக்கும் ஒரு வழி சொல்லித் தருதல் வேண்டும். சண்டை மூண்டால் இடையில் புகாதே. வெளியேற முடியுமானால் இன்ன வீட்டுக்குப் போ. அங்கே இன்ன அத்தையிடம் சொல். இவ்வளவே போதும். அந்த அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும்.

சொல்ல வேண்டியது எது?

உண்மையைச் சொல்வதென்றால் நீண்ட சொற்பொழிவு வேண்டுவதில்லை. குழந்தை அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, அதன் வயதுக்கு ஏற்ப, சில சொற்கள் போதும்.

"நேற்று இரவு அப்பா என்னை அடித்ததை நீ பார்த்தாய், அது உண்மைதான். யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, அது தவறு. உன்னால் அது நடக்கவில்லை. அதைத் தடுப்பது உன் வேலையும் இல்லை, பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம். பயமாக இருந்தால் என்னிடம் சொல். எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்வேன்."

இதில் ஒவ்வொரு சொற்றொடரும் முன் கூறிய தீங்குகளுள் ஒன்றற்கு மாற்றாக நிற்பதைக் காணலாம். கண்டது உண்மை என்பதால் தன் கண்ணை நம்புகிறது. தவறு என்பதால் வழக்கமென்று கொள்ளாமல் விடுகிறது. உன்னால் அன்று என்பதால் பழிச்சுமை இறங்குகிறது. கேட்கலாம் என்பதால் அடைத்த வாயில் திறக்கிறது.

சொல்லத் தகாதனவும் உள. தாய் தன் கண்ணீரையெல்லாம் குழந்தையின் மடியில் கொட்டலாகாது. குழந்தை தாய்க்குத் தாயாக முடியாது. "நீதான் இனி அம்மாவைக் காப்பாற்ற வேண்டும்" என்று எட்டு வயது மகனிடம் சொல்வது பெருமைபோல் தோன்றும். உண்மையில் அது பிஞ்சுத் தோளில் ஏற்றும் மூட்டை. "அப்பா யாரிடம் பேசினார், என்ன சொன்னார்" என்று ஒற்றனாக்குவதும், "யாரிடம் இருக்க உனக்கு விருப்பம்?" என்று உறவினர் கூடிய இடத்தில் நிறுத்திக் கேட்பதும் கொடுமையே. கண்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி வற்புறுத்துவதும் கூடாது. சில குழந்தைகள் வாயால் சொல்லா. படம் வரைந்து சொல்லும், பொம்மையை வைத்து ஆடிச் சொல்லும். அருகில் அமர்ந்து பார்த்திருந்தாலே போதும்.

சொல் மட்டும் ஆற்றாது. நாளும் அதற்குத் துணை நிற்க வேண்டும். வேளைக்கு உணவு, வேளைக்கு உறக்கம், தவறாத பள்ளி, மாலையில் விளையாட்டு ஆகிய சிறு ஒழுங்குகள், உலகம் மறுபடியும் நம்பத்தக்கது என்று குழந்தையின் உடலுக்குச் சொல்கின்றன. இரவில் அலறி விழித்தால் கடியாமல் விளக்கேற்றிப் பக்கத்தில் இருத்தல் வேண்டும். பாயை நனைத்தமைக்காக அடித்தால், ஆற வேண்டிய புண்ணிலேயே மறுபடி அடித்தவராவோம். வாரங்கள் கடந்தும் அச்சம் நீங்காவிடினும், பேச்சு நின்றுவிடினும், சாக வேண்டும் என்ற சொல் வாயில் வந்தாலும், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்க. 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய 14416 என்னும் மனநலத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கொண்டு போவது நம் பகுத்தறிவுக்கு இழுக்கு.

ஒருவர் நிலைத்து நின்றால்

அடி கண்டு வளர்ந்த குழந்தை அடிப்பவனாகவோ அடிபடுபவளாகவோதான் ஆகும் என்பது விதியா? அன்று. விதியை நம்பாத நாம் இதையும் விதியென்று கொள்ளலாகாது. காரணங்கள் மாறினால் விளைவும் மாறும்.

ஹவாயைச் சேர்ந்த கௌவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்னும் உளவியலாரும் அவர் துணைவரும் நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் உழைக்க வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். நம்மைப் போன்றே பிழைக்க வந்தவர் வழி. வறுமையும் குடும்பப் பூசலும் பெற்றோரின் நோயும் சூழ வளர்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், திறமையும் அன்பும் உடைய மாந்தராக வளர்ந்தனர். இடர்ப்பட்ட மற்றவருள்ளும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் தேறினர். தேறியவர்களிடம் கண்ட பொதுமைகளுள் முதன்மையானது, தம்மை விட்டு நீங்காத, நம்பத்தக்க பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தமை. அப்பெரியவர் தாயாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. பாட்டியாகவோ, அத்தையாகவோ, ஆசிரியராகவோ, பக்கத்து வீட்டாராகவோ இருந்தனர்.

இதனால் விளங்குவது யாது? ஊரையே திருத்திய பின்புதான் ஒரு குழந்தைக்கு உதவ முடியும் என்பதில்லை. ஒருவர் நிலைத்து நின்றால் ஒரு குழந்தை நிமிரும்.

அடித்தவர் தம் குற்றத்தை உணர்ந்து, குடியையும் கையோங்கலையும் உண்மையாகவே விட்டிருப்பாராயின், அவர் ஆற்ற வேண்டிய கடமையும் ஒன்று உண்டு. இனிப்புப் பொட்டலமும் புதுச் சட்டையும் அக்கடமையைத் தீர்க்கா. பிள்ளையின் முன் அமர்ந்து, "நான் உன் அம்மாவை அடித்தேன். அது என் தவறு, அம்மாவின் தவறுமன்று, உன் தவறுமன்று" என்று தம் வாயால் சொல்லுதல் வேண்டும். "அவள் வாய் பேசினாள்", "குடி செய்த வேலை" என்று ஒரு சொல் சேர்த்தாலும் அது பாழ். சொல்லியபின், பிள்ளை உடனே கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவும் உரிமையில்லை. ஆண்டுக்கணக்காகக் கெட்ட நம்பிக்கை ஒரு நாளில் திரும்பாது. நாள்தோறும் அமைதியாக வீடு திரும்பும் காலடி ஓசையே அவர் செலுத்த வேண்டிய தவணை.

சங்கத்தின் கடமை

1954 டிசம்பர் 25ஆம் நாள், நமக்கு அருகிலுள்ள தேகு ரோடில் அண்ணல் அம்பேத்கர் தம் கையால் புத்தர் சிலையை நிறுவினார். அச்சிலையின் முன் கூடி நாம் பஞ்சசீலம் ஏற்கிறோம். பொய்யுரை தவிர்த்தல் அவற்றுள் நான்காவது. பொய் என்றவுடன் சந்தையில் எடையிலும் நீதிமன்றத்தில் சாட்சியிலும் சொல்லும் பொய்யையே எண்ணுகிறோம். அடுத்த வீட்டின் அலறலைக் கேட்டும் "நாங்கள் தூங்கிவிட்டோம்" என்று மறுநாள் சொல்வதும் அச்சீலத்தில் அடங்காதா?

ஒவ்வொரு விகாரையிலும் ஞாயிற்றுக்கிழமை வந்தனை முடிந்தபின் குழந்தைகளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பாயும் வண்ணக் கோல்களும் தாள்களும் போதும். பொறுமையும் வாயடக்கமும் உடைய பெரியவர் இருவர் வாரந்தவறாமல் அங்கே இருத்தல் வேண்டும். அவர்கள் துருவிக் கேட்க வேண்டுவதில்லை. கேட்டதைத் தெருவில் பேசவும் கூடாது. ஆபத்து என்று தெரிந்தால் 1098ஐ அழைக்கத் தயங்கவும் கூடாது. ஒரு குழந்தை ஏதேனும் கேட்டால் உண்மையைச் சொல்லும் மனிதர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அன்பர்களே, சபையிலுள்ள பெரியோர் முன் காக்கும் சீலத்தை, நம் இடுப்புயரம்கூட இல்லாத ஒரு சிறு உயிரின் முன்னும் காப்போமாக. அவ்வுயிருக்கு நாம் வாய்மையோடு இரக்கத்தையும் சேர்த்து வழங்குவோமாக.